ஆங்கிலப் பயம்: கல்லூரியில் பாதி, வீட்டில் பாதி

மைசூர் மண்டி மொஹல்லாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வேற்று மொழி என்றால் பயம் கிடையாது. வீட்டுக்குள் தமிழ், வாசற்படி இறங்கினால் உருது, மளிகைக் கடையிலும் பஸ்ஸிலும் கன்னடம். பள்ளியில் சேருமுன்பே இவை மூன்றும் அவன் வாயில் புரளத் தொடங்கிவிடுகின்றன. ஆரம்பத்தில் தப்பும் தவறுமாகத்தான் பேசியிருப்பான். கடைக்காரர் சிரித்திருப்பார்; பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கும். "ஹாகல்லப்பா, ஹீகே" என்று ஒரு தடவை திருத்தியிருப்பார். அவ்வளவுதான் பாடம்.

அதே பிள்ளை பதினெட்டாவது வயதில் கல்லூரி வகுப்பில் எழுந்து நின்று தன்னைப் பற்றி நாலு வார்த்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றால் தொண்டை வறண்டுவிடுகிறது. பெயர் வருகிறது; ஊர் வருகிறது; அப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால் அதற்குமேல் வார்த்தை வருவதில்லை. மூன்று மொழிகளைப் போகிற போக்கில் பிடித்துக்கொண்டவனுக்கு நாலாவது மொழியில் மட்டும் நாக்கு ஏன் எழவில்லை?

இதற்கு வழக்கமான பதில்கள் உண்டு. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சரியாகச் சொல்லித் தரவில்லை. ஆசிரியருக்கே பேச வராது. பையன் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறான். இவற்றில் உண்மை இல்லை என்று சொல்லிவிட முடியாது. கர்நாடகத்தில் கன்னட வழிப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடமாக வந்தது 2007-08 கல்வியாண்டில்தான். ஆனால் இன்று கல்லூரியில் காலெடுத்து வைப்பவர்கள் அதற்குப் பின் பள்ளியில் சேர்ந்தவர்கள். பன்னிரண்டு வருஷம் ஆங்கிலப் பாடம் படித்து, எழுத்துப் பரீட்சையில் தேறி வந்தவர்கள். கேள்வித்தாளைப் படித்தால் புரிகிறது. லீவு லெட்டர் எழுத வருகிறது. வாய் மட்டும் திறப்பதில்லை. ஆகவே குறை முழுவதும் பாடத்தில் இல்லை. மனத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

டெக்ஸாஸிலும் இதே கதை

இது மண்டி மொஹல்லாப் பையனுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் பிறமொழி கற்கும் மாணவர்களைப் பற்றி எலைன் ஹார்விட்ஸ் என்ற பேராசிரியையும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் 1986-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே மாணவர்கள் படித்தது ஸ்பானிஷ் முதலிய மொழிகள். தெரிந்த பதிலும் பரீட்சை நேரத்தில் மறந்துபோகிறது, வகுப்பில் கூப்பிட்டால் நெஞ்சு படபடக்கிறது, மற்றவர்கள் எல்லோரும் தன்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்ற எண்ணம் விட மாட்டேன் என்கிறது என்று அவர்களும் சொன்னார்கள். இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்விப் பட்டியலை ஹார்விட்ஸ் குழுவினர் தயாரித்தனர். வாய் திறக்கப் பயம், பரீட்சைப் பயம், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் என்று அதற்கு மூன்று முகங்கள் இருப்பதாகவும் எடுத்துக் காட்டினர். ஆங்கிலத்தையே தாய்ப்பாலோடு குடித்தவனுக்கும் ஸ்பானிஷ் பேசக் கால் நடுங்குகிறது என்று தெரிந்தால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆறுதல்தானே!

ஸ்டீபன் கிராஷன் என்ற மற்றோர் அமெரிக்க மொழியறிஞர் 1980-களில் இதை ஒரு வடிகட்டியாக உவமித்து எழுதினார். கவலை, கூச்சம், தன்னம்பிக்கைக் குறைவு ஆகியவை சேரச் சேர மனத்தின் வடிகட்டி அடைபட்டுப் போகிறது. காதில் விழும் மொழி உள்ளே இறங்குவதில்லை. காப்பி பில்டரில் தூள் இறுகிக்கொண்டால் மேலே எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் டிக்காஷன் இறங்காது. அதே சங்கதிதான் இதுவும்.

இதை மறுக்கிறவர்களும் இல்லாமல் இல்லை. ஸ்பார்க்ஸ், கான்ஷோ என்ற இருவர் 1990-களில் இதைத் திருப்பிப் போட்டு வாதித்தார்கள். பயத்தால் மொழி வராமல் போவதில்லை; மொழி பிடிக்கும் திறன் குறைவாக இருப்பதால் மொழி வருவதில்லை, மொழி வராததால் பயம் வருகிறது என்பது அவர்கள் கட்சி. யோசிக்க வேண்டிய வாதந்தான். ஆனால் வாத்தியார் இல்லாமல் தெருவிலேயே இரண்டு வேற்று மொழிகளைக் கற்றுக்கொண்ட பிள்ளை விஷயத்தில் அது எடுபடாது. அவனுக்கு மொழி பிடிக்கும் திறன் இல்லை என்று எந்தப் பேராசிரியர் வந்து சொன்னாலும் பக்கத்துக் கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

யாரோடு சேர ஆசை?

கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கார்ட்னரும் லாம்பர்ட்டும் 1972-ல் வெளியிட்ட நூலில், மொழி கற்பவனைத் தூண்டும் ஆசை இரண்டு வகை என்றார்கள். வேலை கிடைக்கும், சம்பளம் கிடைக்கும் என்பதற்காகப் படிப்பது ஒன்று. அந்த மொழி பேசும் மனிதர்களோடு பழக வேண்டும், அவர்களில் ஒருவனாக வேண்டும் என்ற ஆசையில் படிப்பது மற்றொன்று.

மண்டி மொஹல்லாவில் கன்னடமும் உருதும் வந்தது இரண்டாவது வழியில்தான். கிரிக்கெட் ஆட ஆள் வேண்டும். பட்டம் விட ஆள் வேண்டும். அதற்காக மொழி வந்தது. ஆங்கிலம் பேசும் மனிதர் என்று அவன் கண்ட ஆள் யார்? வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் கான்வென்ட் மாணவன். நேர்முகத் தேர்வில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். பெரிய ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து ஏற இறங்கப் பார்க்கிற பெண். அவர்களைப் போல ஆக வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அவர்கள் முன்னால் மானம் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. கிரிக்கெட்டில் தப்பாகக் கத்தினால் ஆட்டம் போகாது. இங்கே ஒரு வாக்கியம் தவறினால் ஆளின் மதிப்பே போய்விடுகிறது என்று அவன் நினைக்கிறான். முழுக்கத் தவறான நினைப்பு என்று சொல்லவும் முடியவில்லை. ஆங்கிலம் தப்பாகப் பேசுகிறவனைக் கண்டால் இளக்காரம் செய்கிற புத்தி இந்த நாட்டில் இருக்கத்தான் செய்கிறது. வெள்ளைக்காரர் நாட்டைவிட இங்கே அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

வகுப்பறையில் நடப்பதும் இதற்கு உரம் போடுகிறது. கான்வென்டிலிருந்து வந்தவர்கள் முன்னால். கன்னட வழியில் படித்தவர்கள் பின்னால். இப்படி உட்காரச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, தானாகவே அமைந்துவிடுகிறது. பின் பெஞ்சுப் பையன் எழுந்து ஒரு வாக்கியம் தொடங்குகிறான். இரண்டாவது சொல்லிலேயே ஆசிரியர் குறுக்கிட்டுத் திருத்துகிறார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் முன் பெஞ்சில் ஒரு சிரிப்புச் சத்தம். பையன் உட்கார்ந்துவிடுகிறான். அன்று உட்கார்ந்தவன் மூன்று வருஷம் எழுந்திருப்பதில்லை. ஆங்கில வகுப்பு உள்ள நாளில் மட்டும் தலைவலி வருகிறது. வருகைப் பதிவு குறைகிறது. பி.யூ.சி.யில் அறிவியல் எடுத்த பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். கன்னடத்தில் படித்த பௌதிகமும் ரசாயனமும் ஒரே நாளில் ஆங்கிலமாகிவிடுகின்றன. சந்தேகம் கேட்கவும் ஆங்கிலம் வேண்டுமே என்று கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

பெண்களுக்கு மற்றொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. தப்பாகப் பேசினால் வகுப்பில் சிரிப்பார்கள். துணிந்து பேசிப் பழகினால் வீட்டில், "மெத்தப் படித்த மேதாவி வந்துட்டா" என்று சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் இடி வாங்குவதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது மேல் என்று அந்தப் பெண் முடிவு செய்தால் அவளைக் குறை சொல்வதற்கில்லை.

மைசூர்த் தமிழர் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். 1991 டிசம்பரில் காவிரித் தகராறையொட்டிப் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, "வெளியே வாயைத் திறக்காதே" என்று பிள்ளைகளைக் கண்டித்து அனுப்பிய வீடுகள் உண்டு. அன்றைய பிள்ளைகள் இன்று கல்லூரி மாணவர்களுக்குத் தகப்பனும் தாயுமாக இருக்கிறார்கள். நிலைமை மாறிவிட்டது, அக்கம்பக்கம் ஒற்றுமையாகவே இருக்கிறது. ஆனாலும் நாலு பேர் கூடிய இடத்தில் அடக்கி வாசி என்கிற எச்சரிக்கை மட்டும் வீட்டுப் பழக்கமாகத் தங்கிவிட்டது. அடக்கி வாசித்தே பழகிய பிள்ளையைக் கல்லூரியில் திடீரென்று உரக்கப் பேசு என்றால் எப்படிப் பேசும்?

கும்பகோணமும் மைசூரும்

ஆங்கிலத்தில் தடுக்கி விழுந்தவர் பட்டியலில் பெரிய பெயர்கள் உண்டு. கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1904-ல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை போயிற்று. அவருடைய தந்தை புடவைக் கடையில் குமாஸ்தா. அந்தப் பணம் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்பது இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குமாஸ்தாக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1905 ஆகஸ்டில் ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துப் பக்கம் ஓடிப்போனார். பதினேழு வயதுப் பையன் எதைத் தாங்க முடியாமல் ரயில் ஏறியிருப்பான் என்று ஊகிப்பது கஷ்டமல்ல. ஏழாண்டுக்கு மேல் கழித்து, 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாக இருந்தபடி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும் ஆங்கிலத்தில்தான். எவருக்கும் நிரூபித்துக் காட்டுவதற்காக அல்ல, சொல்வதற்கு ஒன்று இருந்ததால் எழுதிய ஆங்கிலம் அது.

மைசூருக்கே வந்தால், ஆர்.கே. நாராயண் இருக்கிறார். சென்னையில் பிறந்த தமிழர்; தந்தை மைசூரில் மகாராஜா உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். தலைமை ஆசிரியரின் மகன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும்! ஆனால் அந்த ஒரு வருஷத்தை அவர் வீட்டில் இருந்தபடி படிப்பதிலும் எழுதுவதிலும் கழித்தார். மார்க் போட யாரும் இல்லாத வருஷம் அது. 1926-ல் தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் பி.ஏ. பட்டம் வாங்க வழக்கத்தைவிட ஒரு வருஷம் அதிகம் ஆயிற்று. ஆங்கிலத்தில் எழுதி உலகப் புகழ் பெற்றவரின் கல்லூரிக் கணக்கு இது. இன்று யாதவகிரியில் அவர் வீட்டை நினைவகமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர் வாங்கிய விருதுகளைக் காட்டுகிறார்கள். தோற்ற வருஷத்தையும் சொல்லிக் காட்டினால் நல்லது.

கன்னடப் பெருங்கவிஞர் குவெம்பு கதை வேறு மாதிரி. மாணவராக இருந்தபோது ஆங்கிலத்தில்தான் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். 1922-ல் புத்தகமாகவும் வந்தது. ஜேம்ஸ் கசின்ஸ் என்ற ஐரிஷ் கவிஞர் அவரிடம் தாய்மொழியில் எழுதும்படி சொன்னார். பின்னாளில் மைசூர்ப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரான குவெம்பு, கல்லூரிப் பாடங்களைக் கன்னடத்தில் நடத்தப் பாடுபட்டார். ஆங்கிலத்தை நன்றாகக் கற்றவர்தான் அதன் முன் மாணவன் கூனிக் குறுகக் கூடாது என்றும் நினைத்தார்.

மைசூரிலேயே பிறந்த ஏ.கே. ராமானுஜன் வீட்டில் கீழே அம்மாவோடு தமிழ், மாடியில் பேராசிரியரான அப்பாவோடு ஆங்கிலம், தெருவில் கன்னடம். சிகாகோ வரை சென்று சங்கப் பாட்டுகளை ஆங்கிலமாக்கியவர் அவர். ஆனால் மாடியில் ஆங்கிலம் பேச அப்பா இருந்த வீடு அது. மண்டி மொஹல்லாவில் எத்தனை வீட்டுக்கு மாடி இருக்கிறது?

குமாஸ்தா வீட்டு இங்கிலீஷ்

குற்றம் முழுவதையும் கல்லூரியின் தலையில் கட்டிவிட்டுத் தகப்பனார்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. தினமும் ஆபீசில் பத்து ஆங்கிலக் கடிதங்களுக்கு டிராஃப்ட் போடுகிறவர்கள் அவர்கள். 'தங்கள் கடிதம் பெறப்பட்டது' என்பதில் தொடங்கி 'மேல் நடவடிக்கைக்காக' என்பதில் முடியும் வாக்கியங்கள் தூக்கத்திலும் வரும். ஆனால் ஹூப்ளியிலிருந்து பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்து நேரில் ஒரு கேள்வி கேட்டால் முன் வரிசையில் நிற்க மாட்டார்கள், தூணைத் தேடுவார்கள். முப்பது வருஷம் ஆங்கிலத்தில் சம்பளம் வாங்கியும் அந்தப் பயம் தெளியவில்லை. வெளியே சொல்லவும் இல்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அதே பயம் அதட்டலாக மாறிப் பிள்ளை மேல் விழுகிறது. "இவ்வளவு பீஸ் கட்டிப் படிக்க வைக்கிறேன், ஒரு இங்கிலீஷ் வார்த்தை உன் வாயில வருதா?" விருந்தாளி வந்தால், "மாமாகிட்ட இங்கிலீஷ்ல பேசிக் காட்டுடா" என்று நிறுத்துகிறார்கள். காப்பி ஆறுகிறது, பையன் நெளிகிறான், மாமா பெரிய மனசு பண்ணி, "விடுங்க, போகப் போக வரும்" என்கிறார். அவர் போனபின், கான்வென்டில் படிக்கும் சித்தப்பா மகளின் பெருமை அரை மணி நேரம் நடக்கிறது. ஹார்விட்ஸ் அம்மையார் டெக்ஸாஸில் பிரித்துக் காட்டிய மூன்று பயங்களும் இந்த ஒரு கூடத்திலேயே பிள்ளைக்குக் கிடைத்துவிடுகின்றன. மறுநாள் கல்லூரியில் பேராசிரியர் புதிதாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

தகப்பனாருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. தான் பட்ட சிறுமை பிள்ளைக்கு வரக் கூடாது என்ற தவிப்புதான். பி.எஃப்.-ல் கடன் வாங்கிப் பீஸ் கட்டுகிற மனிதரைக் கல்நெஞ்சர் என்று யார் சொல்வார்கள்? ஆனால் தவிப்பு பிள்ளையிடம் போய்ச் சேரும்போது அவமானமாகவே சேர்கிறது.

'முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்' என்று பலகை மாட்டிய கடைகள் இந்தத் தவிப்பில்தான் பிழைக்கின்றன. "பயத்தை விடு, ஆங்கிலம் தானாகக் கொட்டும்" என்பார்கள். அதுவும் சரியல்ல. பயம் போனால் வாய் திறக்கும். திறந்த வாயில் சொல் இருக்க வேண்டுமே. சொல் சேர்வதற்குப் பல மாதம் படிக்க வேண்டும், கேட்க வேண்டும். கன்னடம் வருவதற்கும் முப்பது நாள் போதவில்லை. நாலைந்து வருஷம் பிடித்தது. அந்த வருஷங்களில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

கல்லூரிகள் செய்யக் கூடியது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. முதல் செமஸ்டரில் வாய்ப் பேச்சுக்கு மார்க் வேண்டாம். அறுபது பேர் முன்னால் எழுப்பி நிறுத்துவதற்கு முன் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேசட்டும். ஒரு கான்வென்ட் பிள்ளை, ஒரு கன்னட வழிப் பிள்ளை. மாணவன் வாக்கியத்தை முடிக்கும் வரை ஆசிரியர் பொறுக்கலாம். தவறுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, யார் தவறு என்று சொல்லாமல் மணியடிக்குமுன் மொத்தமாகத் திருத்தலாம். மானசகங்கோத்ரியில் 1969 முதல் மத்திய அரசின் இந்திய மொழிகள் நிறுவனம் இருக்கிறது. மொழி கற்பிக்கும் முறை பற்றி ஆராய்ந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. மண்டி மொஹல்லாவிலிருந்து அது நாலைந்து கிலோமீட்டர் தூரந்தான்.

வீட்டில் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தகப்பனார் ஓர் ஆங்கிலப் பத்திரிகையை எடுத்து உரக்கப் படிக்கட்டும். உச்சரிப்புத் தவறும், தவறட்டும். மகளோ மகனோ திருத்தட்டும். அப்பாவே தப்பாகப் படிக்கிறார், படித்துவிட்டுச் சிரிக்கிறார் என்று கண்ட பிள்ளைக்குக் கல்லூரிச் சிரிப்பு அவ்வளவு சுடாது. இதற்குத் தகப்பனார் கொஞ்சம் கௌரவத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பி.எஃப். கடனைவிட அதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கும்.

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் பேச்சுப் போட்டி நடத்திக் கோப்பை கொடுக்கின்றன. நல்ல காரியம், ஆனால் அது ஏற்கெனவே பேசத் தெரிந்தவனுக்கு. பேச வராதவன் அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான். அவனுக்காக ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், மேடை வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பத்துப் பிள்ளைகள், வட்டமாகப் பத்து நாற்காலி. தமிழும் கன்னடமும் கலந்து வந்தாலும் பரவாயில்லை. பெரும்பாலான ஊர்களில் சங்கக் கட்டடம் ஞாயிறு காலையில் பூட்டித்தான் கிடக்கிறது. சாவி செயலாளரிடம் இருக்கிறது.